டவர் இருக்கிறது, கால் போகவில்லை

போன மாதம் களக்காட்டிலிருந்து சித்தப்பா பேசினார், அதுவும் பக்கத்து வீட்டுப் போனிலிருந்து. "ஏய்யா, டவர் முழுசாக் காட்டுது. யூடியூப்லாம் நல்லா ஓடுது. யாரையாவது கூப்பிட்டா மட்டும் போக மாட்டேங்கு. செட்டு கெட்டுப் போச்சா?"

செட் கெடவில்லை. டெக்சாஸில் இருக்கும் மகள் லீவுக்கு வந்தபோது கொடுத்துவிட்டுப் போன புதுப் போன் அது. பழைய சிம்மில் மூன்று மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அப்புறம் யாரோ சொன்னதைக் கேட்டு, நம்பரை மாற்றாமல் வேறு நிறுவனத்துக்கு மாறினார், அதாவது போர்ட் செய்தார். அன்றிலிருந்துதான் இந்தக் கூத்து. டெக்சாஸில் இருக்கும் மகளோடு வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசுகிறார். தெருக்கோடியில் இருக்கும் பால்காரரைக் கூப்பிட முடியவில்லை.

'இந்த செட்டில் அந்த சிம் எடுக்குமா' என்று கடையில் கேட்டால், "போடுங்க அண்ணாச்சி, எல்லாம் எடுக்கும்" என்பார்கள். பெரும்பாலும் எடுக்கவும் செய்யும். ஆனால் அந்த ஒரு கேள்விக்குள் நாலைந்து கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. அதில் ஒன்று இடித்தாலும் போதும், கதை கந்தல்.

முதலில் பூட்டு. அமெரிக்காவில் பலர் போனைத் தவணையில், ஒரு தொலைபேசி நிறுவனத்தின் வழியாகவே வாங்குகிறார்கள். கடன் முடியும்வரை வேறு சிம் ஏறாதபடி அந்த நிறுவனம் செட்டைப் பூட்டி வைக்கும். ஒவ்வொரு சிம்முக்குள்ளும் 15 இலக்கம் வரை வரும் ஓர் எண் இருக்கிறது. அது நீங்கள் டயல் செய்யும் நம்பர் அல்ல. அதன் முதல் மூன்று இலக்கம் நாட்டைச் சொல்லும், இந்தியாவுக்கு 404 அல்லது 405. அடுத்து வருவது நிறுவனத்தின் எண். பூட்டிய செட் சிம்மைப் போட்டதுமே இந்த எண்ணைப் படித்து, தன் பட்டியலில் இல்லையென்றால் கதவைச் சாத்திவிடும். பூட்டிய நிறுவனம்தான் திறந்துவிட வேண்டும். ஐபோன் என்றால் அமைப்புகளில் 'பொது', 'அறிமுகம்' என்று போய்ப் பார்த்தால் பூட்டு உண்டா இல்லையா என்று எழுதியே இருக்கும். நம் ஊர்க் கடைகளில் விற்கும் செட்டுகளில் இந்தத் தொல்லை அபூர்வம். ஜியோபோன் போல ஒன்றிரண்டுதான் விதிவிலக்கு.

சிம் தட்டே இல்லாத போன்களும் உண்டு. அமெரிக்காவில் விற்கும் ஐபோன்கள் 14ஆம் மாடலிலிருந்து அப்படித்தான் வருகின்றன. அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே இறக்கிக்கொள்ளும் இ-சிம் வாங்கிக்கொண்டால் தீர்ந்தது.

சித்தப்பா போனில் பூட்டும் இல்லை, தட்டும் இருந்தது. அடுத்தது பேண்ட், அதாவது போனும் டவரும் பேசிக்கொள்ளும் அலைவரிசைத் துண்டு. இதைச் சொல்ல நெல்லையப்பர் கோயிலுக்குள் ஒரு நடை போய்வர வேண்டும். அங்கே மணி மண்டபத்து இசைத்தூண்களைத் தட்டிப் பார்க்காத பிள்ளை இந்த ஊரில் உண்டா? ஒரே கல்லில் செதுக்கிய தூண் கூட்டம், ஆனால் தட்டினால் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு சுரத்தைத்தான் தரும். கல்லின் நீளமும் பருமனும் அந்தச் சுரத்தை முடிவு செய்துவிட்டன. அப்புறம் தூணைக் கட்டிப்பிடித்துக் கெஞ்சினாலும் வேறு சுரம் வராது.

போனுக்குள்ளும் இப்படித் தூண்கள் இருக்கின்றன, கண்ணுக்குத் தெரியாத அளவில். ஆன்டெனாவில் வந்து விழும் அலைகள் ஒன்றா இரண்டா? எல்லா நிறுவனமும், எஃப்எம் வானொலியும், வைஃபையும் கலந்து வரும். பல பேண்டுகளில் போன் பேசிக்கொண்டே கேட்கவும் வேண்டும். தான் அனுப்பும் அலையோ, டவரிலிருந்து வருவதைவிடப் பல கோடி மடங்கு வலுவானது. தேரோட்டத்தன்று ரத வீதியில் நின்றுகொண்டு, எதிர்த் திண்ணையில் ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்பது போன்ற வேலை. அதற்காக ஒவ்வொரு பேண்டுக்கும் தனித்தனி வடிகட்டி வைக்கிறார்கள்.

அந்த வடிகட்டி செய்யும் வேலைதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது. லித்தியம் டான்டலேட் போன்ற ஒரு படிகத்தின் மேல் சீப்புப் பல் மாதிரி நுண்ணிய உலோகக் கோடுகள் இழுத்திருப்பார்கள். வரும் மின்சார அலை படிகத்தில் அதிர்வாக, அதாவது ஒலியாக மாறிவிடும். காற்றில் போன் அலை ஒளியின் வேகத்தில், நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும். படிகத்தின் மேல் ஒலி நொடிக்கு மூன்று நான்கு கிலோமீட்டர்தான். வேகம் ஏறத்தாழ லட்சத்தில் ஒரு பங்காகக் குறைவதால் அலையின் நீளமும் அதே அளவு சுருங்கும். காற்றில் 15 சென்டிமீட்டர் நீளமான அலை, படிகத்தில் மயிரிழையைவிடச் சிறிதாகிவிடும். சீப்புப் பல்லின் இடைவெளிக்குப் பொருந்தும் அலை மட்டும் மறுகரை ஏறி மீண்டும் மின்சாரமாகும், மற்றவை அடங்கிவிடும். பல்லின் இடைவெளி தொழிற்சாலையிலேயே முடிவானது. பிறகு எந்த அப்டேட்டும் அதை மாற்றாது.

ஒவ்வொரு வடிகட்டிக்கும் காசு, இடம். அதனால் விலை உயர்ந்த போனில் உலகத்துப் பேண்ட் எல்லாம் அடைத்து வைப்பார்கள். மலிவான மாடலில், விற்கப்போகும் நாட்டுக்கு வேண்டியது மட்டும் இருக்கும். இங்கே 4ஜிக்கு நிறையப் பயன்படும் 1800 மெகாஹெர்ட்ஸ், அதாவது பேண்ட் 3, அமெரிக்காவில் கைபேசிக்குப் பயன்படுவதில்லை. 700 இன்னும் வேடிக்கை. இரண்டு நாட்டிலும் அதே பெயர், ஆனால் துண்டு வேறு. அங்கே பேண்ட் 12இல் டவர் பேசுவது 729 முதல் 746 வரை. இங்கே பிஎஸ்என்எல் 4ஜி வரும் பேண்ட் 28இல் டவர் பேசுவது 758 முதல் 803 வரை. பெட்டியில் '700' என்று போட்டிருப்பதை நம்பி ஏமாறக் கூடாது, பேண்ட் எண்ணைப் பார்க்க வேண்டும். ஒரே பெயரில் நாட்டுக்கொரு மாடல் வருவதால் மாடல் எண்ணையும் சேர்த்துப் பாருங்கள்.

ஒரு பேண்ட் குறைந்தால் செட் செத்துவிடாது, இடத்துக்கு இடம் ஆடும். 700 மெகாஹெர்ட்ஸ் அலை ஏறக்குறைய ஒரு முழம் நீளம். சுவரையும் தோப்பையும் ஓரளவு கடந்து தூரம் போகும். 5ஜிக்குப் பயன்படும் 3500இன் அலை நாலைந்து விரல் அகலம்தான், வேகம் தரும், ஆனால் கனத்த சுவருக்கே தடுமாறும். ஜியோ 4ஜி 850, 1800, 2300 என்று மூன்றில் வருகிறது. 850 எடுக்காத செட் பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஜோராக ஓடும், மலையடிவாரத்துத் தோட்டத்தில் கைவிரித்துவிடும்.

சித்தப்பாவுக்கோ வீட்டிலும் தோட்டத்திலும் டவர் முழுசாக இருந்தது. அவருடைய கோளாறு பேச்சில். 4ஜி என்பது தரவுக்காகவே கட்டிய வலை. அதில் பேச வேண்டுமானால் குரலையும் துண்டு துண்டுத் தரவாக்கி, அந்த நிறுவனத்தின் தனி சர்வர் வழியாக அனுப்ப வேண்டும். அதுதான் வோல்ட்டி. அந்த சர்வரோடு எப்படிப் பேச வேண்டும் என்று நிறுவனத்துக்கு நிறுவனம் ஒரு குறிப்புக் கோப்பு செட்டுக்குள் இருக்க வேண்டும். அமெரிக்காவுக்காகச் செய்த செட்டில் நம் நிறுவனங்களின் கோப்பு இல்லாமல் போகலாம். அப்படிப்பட்ட செட், கால் வந்ததும் 4ஜியை விட்டு 2ஜிக்கு இறங்கிப் பேசிவிட்டு மறுபடி மேலே ஏறும். பழைய சிம்மில் மூன்று மாதம் நடந்தது இதுதான், அவருக்குத் தெரியவில்லை. புது நிறுவனத்திலோ இறங்குவதற்குப் படியே இல்லை, 2ஜியும் 3ஜியும் கிடையாது. யூடியூப் ஓடும், பால்காரர் கிடைக்கமாட்டார்.

கம்பியும் படிகமும் சரியாக இருந்தும் மென்பொருள் வாசலில் நிறுத்துவது புதிதல்ல. இந்தியாவில் 5ஜி 2022 அக்டோபர் 1 அன்று தொடங்கியது. அதற்கான பாகங்களோடு ஏற்கெனவே பலர் கையில் இருந்த ஐபோன்கள் டிசம்பர் அப்டேட் வரும்வரை 4ஜியிலேயே கிடந்தன. சித்தப்பா செட்டுக்கு அப்படி ஓர் அப்டேட் வரவில்லை.

போர்ட் செய்யுமுன் ஒரு சின்ன வேலை செய்திருக்கலாம். அந்த நிறுவனத்து சிம் வைத்திருக்கும் யாரிடமாவது ஐந்து நிமிடம் கடன் வாங்கி, தன் செட்டில் போட்டு, டவரைப் பார்க்காமல் ஒரு கால் போட்டுப் பார்ப்பது. வீட்டுக்குள் ஒன்று, தோட்டத்தில் ஒன்று.

"சரிய்யா, பழைய கம்பெனிக்கே திரும்பிருதேன்" என்றார். அங்கேதான் அடுத்த இடி. ஒருமுறை போர்ட் செய்தால் 90 நாள் கழித்துத்தான் மறுபடி செய்யலாம் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. இப்போது சிம் கண்ணாடி உடைந்த பழைய செட்டுக்குள் இருக்கிறது. அதிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டுத்தான் புதுப் போன் ஓடுகிறது. சட்டைப் பையில் ஒன்று, கையில் ஒன்று. காலண்டரில் நாளை அடித்துக்கொண்டு வருகிறார், இன்னும் 61 பாக்கி.