குதிரைமுடி கட்டிய காது

இந்த மழைக்காலத்தில் காதில் கட்டியோடு என்னிடம் வந்தவர்களில் இவர் மூன்றாவது ஆள். கோத்தகிரிப் பக்கம் கேரட் போடுகிற பெரியவர், வயது 65. குல்லாவைக் கழற்றச் சொன்னால் தயங்கினார். புண்ணோடு ஒட்டியிருந்த கம்பளி நூலை அவர் மனைவிதான் மெல்லப் பிரித்தெடுத்தார். வலது காதுமடலின் மேல்விளிம்பில் கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு கட்டி. நடுவில் குழி, ஓரமெல்லாம் தடிப்பு, மேலே பொருக்கு. அடியில் ஒரு முடி, முடிச்சோடு சதைக்குள் புதைந்து கிடந்தது.

"குதிரைமுடி சார். ஊட்டி ஏரிகிட்ட சவாரி விடுற பையன் குடுத்தான். கட்டினா மரு உதிர்ந்துடும்னாங்க."

அதற்கு முன்னால் சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் குழைத்து வைத்திருக்கிறார். ஒன்றரை வருடம் இப்படியே ஓடியிருக்கிறது.

புற்றா என்று பார்க்க, சின்னத் துண்டு எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும் என்றேன். அந்த அம்மா எழுந்தே விட்டார். "வேணாம் டாக்டர், கத்தி பட்டா பரவிடும்."

பரவாது. இந்த ஒரு பேச்சோடுதான் வருடக்கணக்காக மல்லுக்கட்டுகிறேன். இது எப்படிக் கிளம்பியது என்பதும் தெரியும். கட்டி முற்றி, கழுத்தில் நெறி கட்டிய பிறகுதான் வருகிறார்கள். அப்போதுதான் நாங்கள் துண்டு எடுக்கிறோம். சில மாதத்தில் ஆள் போய்விட்டால் பழி கத்தியின் மேல் விழுகிறது, வீட்டில் சும்மா இருந்த ஒன்றரை வருடத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. காதில் வரும் தோல் புற்று, மற்ற பல இடங்களில் வருவதைவிடக் கழுத்துக்கு இறங்க வாய்ப்பு அதிகம். பயாப்ஸி என்பது மரத்துப்போக ஓர் ஊசி, 3 அல்லது 4 மில்லிமீட்டர் துண்டு, ஒரு தையல், அவ்வளவுதான். பச்சைக் குழந்தையை மாமன் மடியில் வைத்துக் காது குத்தும்போது வராத பயம் இதற்கு ஏன்?

காது குத்துவது என்றதும் கல்லூரிப் பெண்கள் ஞாபகம் வருகிறார்கள். இரண்டாவது, மூன்றாவது துளை போட்டு, அது புளியங்கொட்டையாக வளர்ந்த பிறகு வந்து "வெட்டி எடுத்துடுங்க" என்பார்கள். அது கீலாய்டு, எல்லை மீறி வளர்ந்த தழும்பு. வெறுமனே வெட்டிவிட்டால் பெரும்பாலும் திரும்ப வரும், சிலருக்கு முன்னைவிடப் பெரிதாக. சில வாரங்களுக்கு ஒருமுறை ஸ்டீராய்டு ஊசி போடணும், பொறுமை வேணும். பயப்பட வேண்டிய இடத்தில் தைரியம், தைரியமாக இருக்க வேண்டிய இடத்தில் பயம்!

காதில் வருவதெல்லாம் புற்று இல்லை. ஒருக்களித்துப் படுக்கும் பக்கத்தில் மட்டும் சுளீரென்று வலிக்கும் முடிச்சும் உண்டு, யூரிக் அமிலம் கூடியவர்களுக்கு வெள்ளையாகத் திரளும் கட்டியும் உண்டு. வெறுமனே பார்த்துச் சொல்ல எனக்கே முடியாது. ஆகவே தயவுசெய்து வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பாதீர்கள். கட்டியைத் தொட்டுப் பார்க்கணும், கழுத்தையும் தடவிப் பார்க்கணும்.

காதில் தோல் புற்று வர வெயில் ஒரு முக்கியக் காரணம் என்றால், "இந்தக் குளிர்ல என்ன சார் வெயில்?" என்கிறார்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெயிலில் உள்ள புற ஊதாக்கதிர் சுமார் 10 சதவீதம் கூடும், குளிர் அதைத் தடுக்காது. நம் நிறம் ஓரளவுதான் காக்கும். கொழுந்து பறிக்கும் பெண்களுக்குத் தலைத்துணியில் காதும் மறைந்துவிடுகிறது. ஆண்கள்தான் குல்லாவைக் காதுக்கு மேலே மடித்துவிட்டு மண்வெட்டி பிடிக்கிறார்கள். இறக்கி விடுங்கள் ஐயா.

மூன்று வாரமாக ஆறாத புண், வளர்கிற கட்டி, தலையணையில் ரத்தக்கறை, இதில் எது இருந்தாலும் வந்துவிடுங்கள். முடி கட்டாதீர்கள், சுண்ணாம்பு வைக்காதீர்கள், பிளேடை எடுக்கவே எடுக்காதீர்கள்.

பெரியவருக்கு வந்தது தோல் புற்றுதான். நல்லவேளை, கழுத்தில் நெறி இல்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்ததால் கோவையில் ஆபரேஷன் முடிந்தது. மேல்மடலில் ஆப்பு வடிவில் ஒரு துண்டு போயிற்று. தையல் பிரிக்க வந்தவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "கண்ணாடி நிக்குமா சார்?"

மாட்டிக் காட்டினேன். நின்றது.