கிராஃப்ட் பீர், பிரூவரி: தமிழில் எப்படிச் சொல்வது?

கிராஃப்ட் பீருக்குத் தமிழில் 'கைவினை பீர்' என்று எழுதுகிறார்கள், சின்ன பீர் ஆலையான மைக்ரோபிரூவரிக்கு 'சிறு வடிசாலை' என்று போடுகிறார்கள். முதலாவதை ஓரளவுக்கு ஒத்துக்கொள்ளலாம். இரண்டாவது தப்பு.

முதலில் 'கிராஃப்ட்'. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு வலிமை, ஆற்றல் என்றுதான் பொருள், ஜெர்மன் மொழியில் இன்றைக்கும் 'கிராஃப்ட்' என்றால் வலிமைதான். ஆங்கிலத்தில் மட்டும் அது மெல்ல நகர்ந்து திறமை, தொழில் நுணுக்கம், கைத்தொழில் என்று ஆகிவிட்டது. பீரோடு இது ஒட்டிக்கொண்டது அமெரிக்காவில். 1965ல் ஃபிரிட்ஸ் மேடாக் என்பவர் மூடும் நிலையில் இருந்த சான் ஃபிரான்சிஸ்கோவின் ஆங்கர் ஆலையில் பெரும்பங்கை வாங்கி அதற்கு உயிர் கொடுத்தார். 1976ல் ஜாக் மெக்காலிஃப் அதே கலிஃபோர்னியாவில் சொனோமாவில் நியூ ஆல்பியன் என்ற சின்ன ஆலையைத் தொடங்கினார். 1978ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வீட்டிலேயே பீர் தயாரித்துக் குடிப்பதற்கு நாடு முழுக்க இருந்த தடையை நீக்கியது. இவற்றிலிருந்து கிளம்பிய இயக்கம்தான் கிராஃப்ட் பீர்.

அமெரிக்க பிரூவர்கள் சங்கம் வைத்திருக்கும் வரையறையைப் பார்த்தால் அதில் கை எங்கேயும் இல்லை. ஆலை சிறியதாக இருக்க வேண்டும், அதாவது ஆண்டுக்கு 60 லட்சம் பேரலுக்கு மேல் போகக் கூடாது. ஒரு பேரல் சுமார் 117 லிட்டர், கணக்குப் போட்டால் 70 கோடி லிட்டர். அங்கே அதுதான் 'சிறியது'! அப்புறம், அது யாருக்கும் அடங்காமல் இருக்க வேண்டும்: கிராஃப்ட் ஆலையாக இல்லாத வேறு மதுபான நிறுவனத்தின் கையில் 25 விழுக்காடோ அதற்கு மேலோ பங்கு இருக்கக் கூடாது. ஆக, அளவும் உரிமையும்தான் அங்கே பேச்சு. 'கைவினை' என்றதும் நமக்குத் தஞ்சாவூர்த் தட்டும் வில்லியனூர் சுடுமண் பொம்மையும்தான் நினைவுக்கு வரும், அந்தப் பொருள் இங்கே முழுசாகப் பொருந்தவில்லை. 'சிற்றாலை பீர்' என்றால் விஷயத்துக்கு இன்னும் பக்கத்தில் வருகிறது.

இப்போது 'பிரூவரி', அதாவது பீர் ஆலை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் எனக்குத் தெரிந்த ஒரு கணவன் மனைவி விடுமுறையில் திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி வழியாகக் காரிலேயே பெங்களூரு போய், காரை விடுதியில் நிறுத்திவிட்டு ஆட்டோ பிடித்து, மைக்ரோபிரூவரி மைக்ரோபிரூவரியாகப் பார்த்துவிட்டு வந்தார்கள். (காரை நிறுத்தியது சரியான காரியம். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால் தாண்டினாலே மோட்டார் வாகனச் சட்டப்படி ஓட்டுவது குற்றம்.) எனக்குத் தங்கை மாதிரியான அந்த மனைவி பயணக் குறிப்பைத் தமிழில் எழுதிக்கொண்டிருந்தபோது போன் செய்து, "அண்ணே, பிரூவரிக்கு வடிசாலைன்னே போட்டுடவா?" என்று கேட்டாள். போடாதேம்மா என்றேன். வடிப்பது என்றால் புளித்த ஊறலைச் சூடாக்கி, எழும் ஆவியைக் குளிரவைத்துச் சொட்டாகப் பிடிப்பது. சாராயம், விஸ்கி, பிராந்தி எல்லாம் அப்படி வருபவை. அந்த ஆலைக்கு ஆங்கிலத்தில் டிஸ்டில்லரி என்று தனிப் பெயர் இருக்கிறது, அதற்குத்தான் வடிசாலை. பீரில் அந்த வேலையே கிடையாது. முளைகட்டிக் காயவைத்த பார்லியை உடைத்து, ஏறக்குறைய 65 டிகிரி வெந்நீரில் ஊறவைத்தால் முளையில் இருக்கும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். அந்தச் சாற்றை ஹாப்ஸ் பூவோடு கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் போட்டுப் புளிக்கவிட்டால் பீர்.

சரி, இந்த வேலைக்குத் தமிழில் என்ன வினைச்சொல்? கள்ளை இறக்குகிறோம். சாராயத்தைக் காய்ச்சுகிறோம். பீருக்குப் பேச்சில் ஒன்றுமே இல்லை, 'தயாரிக்கிறார்கள்' என்று பொதுவாகச் சொல்லிக் கடந்துபோகிறோம். ஆங்கிலத்தின் 'பிரூ' கொதித்தல், நுரைத்துப் பொங்குதல் என்ற பொருளுள்ள மிகப் பழைய வேரிலிருந்து வந்தது, சாறு என்ற பொருளில் வரும் 'பிராத்' அதற்கு உறவு. ஃபிரெஞ்சுக்காரர்களின் 'பிராஸ்ஸரி' வேறு வழியில் வந்தது, முளைகட்டப் பயன்படுத்தும் தானியம் ஒன்றின் பழங்காலப் பெயரிலிருந்து. புதுச்சேரியில் வெள்ளைக்காரத் தெருப் பக்கம் சுற்றியவர்களுக்கு பிராஸ்ஸரி என்றால் சாப்பாட்டுக் கடை என்றுதான் தெரியும். ஆனால் அதன் முதல் பொருள் பீர் ஆலை. ஆலையிலேயே பீரும் அதற்குத் தொட்டுக்கொள்ளச் சாப்பாடும் கொடுத்துக் கொடுத்து, ஃபிரெஞ்சில் அந்தப் பெயர் சாப்பாட்டுக் கடைக்கும் வந்துவிட்டது.

தமிழில் வினை இல்லாமல் இல்லை, நாம் மறந்துவிட்டோம். அந்த வினை 'அடு'. அடுப்பு, அடுக்களை இரண்டிலும் இருக்கும் அதே அடு, தீயில் வைத்துச் சமைப்பது. சங்க நூலான பெரும்பாணாற்றுப்படையில் 'இல் அடு கள் இன் தோப்பி பருகி' என்று வருகிறது. இல்லில் அட்ட கள். 1978ல் அமெரிக்காவில் சட்டம் போட்டு அனுமதித்தார்களே, அதே வீட்டு பீருக்கு இதைவிடக் கச்சிதமான பெயர் வேண்டுமா? தோப்பி என்பது நெல்லில் செய்த கள் என்று உரைகாரர்கள் சொல்கிறார்கள். பழந்தமிழில் கள் என்றால் பனை, தென்னை மட்டும் இல்லை, புளிக்கவைத்த மது பலவற்றுக்கும் அது பொதுப்பெயர். அரிசிக் கள்ளை வீட்டில் அடும் பழக்கம் நம் பக்கம் மறைந்துபோய், மரத்திலிருந்து இறக்கும் கள் மட்டும் நின்றதால் அந்தச் சொல்லும் சுருங்கிவிட்டது. அதிலும் தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை, முள்ளோடை எல்லையைத் தாண்டிப் புதுச்சேரி மண்ணுக்குள் வந்தால்தான் கள்ளுக்கடை. ஜார்க்கண்ட், ஒடிசா பக்கம் ஆதிவாசி வீடுகளில் ஹண்டியா என்ற பெயரில் அரிசிக் கள் இன்னும் உயிரோடு இருக்கிறது.

அதே நூலில் வலைஞர் குடியிருப்பைச் சொல்லும் இடத்தில் செய்முறையே இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது. தீட்டாத கொழியல் அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டுப் பிழாவில் ஆறவைத்து, முளையை இடித்துச் செய்த 'நல் அடை'யைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் விட்டு, வலுவான வாயுள்ள சாடியில் 'வழைச்சு அற' விளையவைக்கிறார்கள். முளையை ஏன் சேர்த்தார்கள்? பார்லி முளை செய்யும் அதே வேலைக்குத்தான், களியின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்க. 'வழைச்சு' என்பது இளசாக இருக்கும் பச்சைத்தன்மை. முதிராத பீரை 'கிரீன் பீர்' என்று இன்றைக்கு பிரூவர்கள் சொல்கிறார்களே, அது இதுதான். கூடவே சுட்ட மீன் வேறு. ஆக, மீனவர் வீட்டில் சாடியும் இருந்தது, தொட்டுக்கொள்ள மீனும் இருந்தது.

நம் கடற்கரைக்கு இன்னும் நெருக்கமான சான்று சிறுபாணாற்றுப்படையில். அதில் வரும் எயிற்பட்டினத்தை மரக்காணம் என்று ஆய்வாளர்கள் அடையாளம் காட்டுவார்கள், கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்குப் போகிறவர்கள் தாண்டிப்போகும் அதே மரக்காணம். அங்கே 'நுளைமகள் அரித்த பழம்படு தேறல்', அதாவது மீனவப் பெண் வடிகட்டிய பழைய தேறல், கிடைக்கிறது. தேறல் என்றால் தெளிந்தது, வடிகட்டிக் கலங்கல் நீக்கியது. மைக்ரோபிரூவரியில் வடிகட்டாமல் கலங்கலாகத் தரும் கோதுமை பீருக்குத் தேறல் என்று பெயர் வைக்கக் கூடாது. பளபளவென்று தெளிந்திருக்கும் பில்ஸ்னர் என்ற பீர் வகைக்கு வைக்கலாம்.

அதனால் அந்தத் தங்கைக்கு நான் சொன்னது இப்படி. பீரை பீர் என்றே எழுது, எல்லோருக்கும் தெரிந்த சொல், அதை மாற்றி ஆகப்போவது ஒன்றுமில்லை. பிரூவரிக்கு 'அடுசாலை'. மைக்ரோபிரூவரிக்கு 'சிற்றடுசாலை', கிராஃப்ட் பீருக்கு 'சிற்றாலை பீர்', வீட்டில் செய்வதற்கு 'இல்லடு பீர்'. பீருக்கு 'அடுகள்' என்றும் வைத்திருக்கலாம்தான், ஆனால் படிக்கிறவர் பன்மை விகுதி என்று நினைத்துத் தடுமாறுவார். அடுசாலை என்றால் சமையல்கூடம் போலத் தோன்றாதா என்று அவள் கேட்டாள். தோன்றட்டும், தனியாக வரும்போது 'பீர் அடுசாலை' என்று எழுதிவிடு, பிராஸ்ஸரிக்கும் அந்த இரட்டைப் பொருள் உண்டு என்றேன்.

பிரூவருக்கு 'அடுநர்'. இடைக்கால இங்கிலாந்தில் இந்த வேலையைப் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான் செய்தார்கள், அவர்களுக்கு 'புரூஸ்டர்' என்று தனிச்சொல்லே இருந்தது. நமக்கும் பெரும்பாணாற்றுப்படையிலேயே 'கள் அடு மகளிர்' இருக்கிறார்கள், வள்ளம் என்ற கள் கிண்ணத்தைக் கழுவி ஊற்றிய நீர் வழிந்து வாசலில் சேறாகும் அளவுக்கு வேலை செய்தவர்கள். ஹாப்ஸ், பீர் வகைகளான லாகர், ஏல் இவற்றையெல்லாம் அப்படியே விட்டுவிடலாம். ஹாப்ஸ் இந்த மண்ணில் இருந்த செடி இல்லை, லாகர் என்ற பெயர் 'சேமித்துவை' என்ற ஜெர்மன் வினையிலிருந்து வந்தது என்று ஓரிடத்தில் விளக்கம் போட்டால் போதும்.