மூலிகைதானே டாக்டரம்மா!

காலை ஐந்தரைக்கு யோகா வகுப்பு, பத்து மணிக்கு என் சித்த மருத்துவமனை, இரவில் முனைவர் பட்டத்துக்கான படிப்பு. மூன்றில் ஒன்றையாவது விடக்கூடாதா என்று வீட்டில் கேட்பார்கள். முடியாது என்று எனக்குப் புரியவைத்தவர், வகுப்புக்கு வந்த ஒரு ஓய்வு பெற்ற ஆசிரியை.

ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர். ஒரு நாள்கூட வகுப்புக்கு வராமல் இருந்ததில்லை. அப்படியும் மூன்றாவது மாதம் அழுத்தம் 160/100. ராத்திரியானால் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது என்றார். ஆசனத்தால்தான் என்பது அவர் எண்ணம். சவாசனத்தில் படுத்திருந்தபோது கவனித்தேன், மெட்டி விரலுக்குள் புதைந்து கிடந்தது. கணுக்காலுக்கு மேல் அழுத்தினேன், குழி விழுந்தது.

“வேற என்ன மருந்து சாப்பிடுறீங்கம்மா?”

“ஒன்னுமில்லையே.” சொல்லிவிட்டுத் தொண்டையைச் செருமினார். பர்சிலிருந்து ஒரு குச்சியை எடுத்துக் கடைவாயில் அடக்கிக்கொண்டார். அதிமதுரம்!

“இதுவா? மூலிகைதானே டாக்டரம்மா!”

தொண்டைக் கரகரப்புக்கென்று ஆரம்பித்தது, நான்கு மாதமாகப் பகலெல்லாம் வாயில் குச்சி, இரவில் பொடி போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர் என்று வளர்ந்திருந்தது.

அதிமதுரம் அருமையான சரக்கு. இருமலுக்கும் தொண்டைக் கட்டுக்கும் நானே கொடுக்கிறேன், சில நாட்களுக்கு மட்டும். அதன் இனிப்புக்குக் காரணம் கிளிசிரைசின் என்ற பொருள். நம் உடம்பில் சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன், சிறுநீரகத்தில் உப்பைப் பிடித்துவைக்கும் வேலையில் தலையிடாதபடி ஒரு நொதி அதைச் செயலிழக்கச் செய்கிறது. கிளிசிரைசின் அந்த நொதியைத் தடுத்துவிடும். அப்புறம் உப்பும் நீரும் உடம்பில் தங்கும், பொட்டாசியம் சிறுநீரில் போய்விடும். வீக்கம், தசைப்பிடிப்பு, ஏறும் அழுத்தம் எல்லாம் இதனால் வரும். பொட்டாசியம் மிகவும் குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். அவருடைய மாத்திரையோ சிறுநீரைப் பெருக்கும் வகை, அதுவும் பொட்டாசியத்தை வெளியேற்றக்கூடியது. ஒரு நாளைக்கு 100 மில்லிகிராம் கிளிசிரைசினைத் தாண்ட வேண்டாம் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவியல் குழு 2003-இல் சொன்னது. கொஞ்சம் வேர்த்தூளிலேயே அந்த அளவு வந்துவிடும்.

அன்றே ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினேன். பொட்டாசியம் குறைவு. அதிமதுரத்தை நிறுத்தச் சொல்லி, அவருடைய மருத்துவருக்கு ஒரு கடிதமும் கொடுத்தனுப்பினேன். சர்வாங்காசனம், முன்குனியும் ஆசனங்கள் எல்லாம் தள்ளிவைத்தோம். மூன்று வாரத்தில் இழுப்பு நின்றது, மெட்டி தளர்ந்தது. அழுத்தமும் இறங்கியது.

எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. வகுப்பில் சேர்ந்த அன்றே அவரிடம் சரியாகக் கேட்டிருக்க வேண்டும். “மருந்து” என்றால் நம்மவர்களுக்கு மாத்திரைதான். கஷாயமும் பொடியும் கணக்கில் வராது. சர்க்கரை மாத்திரையோடு சிறுகுறிஞ்சான் பொடி சாப்பிட்டு, சர்க்கரை தாழ்ந்து, வெறும் வயிற்றில் ஆசனம் செய்யும்போது வியர்த்து மயங்கியவரையும் பார்த்திருக்கிறேன்.

அதனால் இப்போது யார் சேர வந்தாலும், “நாட்டு மருந்துக் கடையில கடைசியா என்ன வாங்கினீங்க? எத்தனை நாளா சாப்பிடுறீங்க?” என்று கேட்டு எழுதிக்கொள்கிறேன். டப்பாவையே கொண்டுவரச் சொல்கிறேன். உங்கள் மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். வாயில் அடக்கும் குச்சியையும் சேர்த்துத்தான்.