கார்ட்டூனும் கடுதாசியும்

அக்கா மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை தமிழ் வீட்டுப்பாட நோட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறமொழிச் சொற்கள் பத்து கொடுத்திருந்தார்கள். எதிரே தமிழ்ச்சொல் எழுத வேண்டும். ஆறாவது சொல் கார்ட்டூன். யோசிக்காமல் 'கேலிச்சித்திரம்' என்றேன். எழுதி முடித்ததும் என் போனைப் பிடுங்கிக்கொண்டாள். அதில் 'ஸ்டீம்போட் வில்லி' பாதியில் நின்றிருந்தது. முதலிலிருந்து ஓடவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தவள் கேட்டாள்: "இதுல யாரை மாமா கேலி பண்றாங்க?"

யாரையும் பண்ணவில்லைதான். 1928 நவம்பர் 18 அன்று நியூயார்க்கின் காலனி தியேட்டரில் வெளியான, எட்டு நிமிடத்துக்கும் குறைவான கறுப்பு வெள்ளைப் படம் அது. வால்ட் டிஸ்னியும் அப் ஐவர்க்ஸும் சேர்ந்து உருவாக்கியது. நீராவிப் படகில் மிக்கி மவுஸ் விசிலடித்துக்கொண்டே சுக்கானைத் திருப்புகிறது. கேப்டன் பீட் வந்து அதன் வயிற்றைப் பிடித்து இழுக்க, வயிறு சேமியா மாதிரி நீண்டு தொங்குகிறது. மிக்கி அதை அள்ளி நிக்கருக்குள் திணித்துக்கொள்கிறது. மின்னி கொண்டுவந்த இசைத்தாளை ஓர் ஆடு தின்றுவிடுகிறது. அதற்கும் கவலையில்லை, ஆட்டின் வாலைப் பிடித்துச் சுற்றினால் கிராமபோன் போல வாய் வழியே பாட்டு வருகிறது. அப்புறம் பசுவின் பற்களைத் தட்டி ஒரு கச்சேரி. பஸ்டர் கீட்டன் நடித்து அதே ஆண்டு வந்த 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' படத்தின் பெயரைச் சீண்டித்தான் இந்தத் தலைப்பு வைத்தார்கள் என்று வேண்டுமானால் சொல்லலாம். அதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் விளக்கி மாளாது.

கேலி இல்லாத இந்தப் படத்துக்குக் கேலிச்சித்திரம் என்ற பெயர் எப்படிப் பொருந்தும்? கார்ட்டூன் என்ற சொல்லின் பூர்வீகத்தைக் கொஞ்சம் கிளறினால், அந்தச் சொல்லுக்குமே பிறக்கும்போது கேலியோடு உறவில்லை என்று தெரிகிறது.

இத்தாலிய மொழியில் 'கார்த்தா' என்றால் தாள். அதோடு 'ஓனே' என்ற விகுதி சேர்ந்தால் பெரியது, தடித்தது என்று பொருள். ஆக, 'கார்த்தோனே' என்பது தடித்த தாள். நம் பேச்சில் அட்டை. கார்த்தா லத்தீனிலிருந்து வந்தது; லத்தீனுக்குக் கிரேக்கத்தின் 'கார்த்தேஸ்' என்ற சொல் மூலம். பாப்பிரஸ் நாணலில் செய்த ஏட்டுக்குக் கிரேக்கர்கள் வைத்த பெயர் அது. ரேஷன் கார்டு, பள்ளிக்கூடத்துச் சார்ட் பேப்பர், மளிகைக் கடையில் அடுக்கியிருக்கும் கார்ட்டன் பெட்டி எல்லாமே இந்த ஒரு வேரில் முளைத்தவை.

இந்தக் குடும்பத்தில் இன்னோர் ஆள் உண்டு. அவர் நம் வீட்டிலேயே பல தலைமுறையாக இருக்கிறார்: கடுதாசி! அதே கிரேக்கச் சொல் அரபியில் 'கிர்தாஸ்' ஆனது. அங்கிருந்து போர்ச்சுகீசியத்துக்குப் போய் 'கர்த்தாஸ்' ஆனது. 16ஆம் நூற்றாண்டில் இந்தியப் பெருங்கடலில் சரக்குக் கப்பல் ஓட்ட வேண்டுமானால் போர்ச்சுகீசியரிடம் காசு கொடுத்து ஓர் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அந்தச் சீட்டுக்கும் இதே பெயர்தான். அந்தக் கர்த்தாஸ்தான் தமிழில் கடுதாசி ஆயிற்று. ஒரு கிளை ரோம் வழியாகப் போய்க் கார்ட்டூன், இன்னொரு கிளை அரேபியா வழியாக வந்து கடுதாசி. 'அன்புள்ள அத்தைக்கு' என்று எழுதிப் போட்ட கடுதாசியும் மிக்கி மவுஸும் பங்காளிகள் என்று யார் நினைத்திருப்பார்கள்.

சரி, தடித்த தாள் எப்படிப் படமானது? கல்யாண ஜாக்கெட்டுக்கு ஆரி வேலை செய்பவர்களைப் பார்த்திருந்தால் உடனே புரிந்துவிடும். முதலில் மாங்காய், மயில் என்று டிசைனை ட்ரேசிங் பேப்பரில் வரைவார்கள். கோடு போன வழியெல்லாம் ஊசியால் பொடிப்பொடியாகத் துளையிடுவார்கள். அந்தத் தாளைத் துணியின் மேல் விரித்து, மண்ணெண்ணெயில் குழைத்த பொடியைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்தால் துளை வழியே இறங்கிப் புள்ளிப் புள்ளியாக டிசைன் துணியில் விழும். அப்புறம்தான் ஊசி நூல். இத்தாலிய ஓவியர்கள் சுவரில் செய்ததும் இதேதான். சுவரில் வரும் அளவுக்கே பெரிய தாளில் படத்தை வரைந்து, துளையிட்டு, கரித்தூளைத் தட்டி ஈரச் சுண்ணாம்புப் பூச்சில் இறக்குவார்கள். அந்த முன்வரைவுத் தாள்தான் கார்ட்டூன். வேலை முடிந்தால் அதற்கு மதிப்பில்லை. தப்பிப் பிழைத்தவற்றில் பெயர்பெற்றவை ரஃபேல் வரைந்த ஏழு. போப் பத்தாம் லியோ கேட்டு, சிஸ்டைன் தேவாலயத்தின் சுவரில் தொங்கவிடும் திரைச்சீலைகளுக்காக 1515 வாக்கில் தொடங்கியவை. இன்று லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றுக்கும் பெயர் கார்ட்டூன்தான். சிரிப்பதற்கு அதில் ஒன்றுமே கிடையாது, எல்லாம் விவிலியக் காட்சிகள்.

சிரிப்பு வந்து சேர்ந்தது 1843இல், லண்டனில். 1834இல் தீயில் போன பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார்கள். புதுச் சுவர்களில் வரையப்போகும் ஓவியங்களுக்குப் போட்டி வைத்து, வந்த முன்வரைவுகளை, அதாவது கார்ட்டூன்களை, வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் கண்காட்சியாக வைத்தார்கள். ஊரில் பஞ்சை பராரிகள் ரொட்டிக்கு அலைகிற நேரம். 'பஞ்ச்' என்ற நகைச்சுவை இதழ் சும்மா இருக்குமா? ஜான் லீச் வரைந்த ஒரு படத்தைக் 'கார்ட்டூன் எண் 1' என்று தலைப்புப் போட்டு வெளியிட்டது. கிழிசல் உடுத்திய ஏழைகள் கண்காட்சியில் நின்று பெரிய மனிதர்களின் ஓவியங்களைப் பார்க்கிறார்கள். ஏழை ரொட்டி கேட்டான், அரசாங்கம் கண்காட்சி கொடுத்தது என்பது படத்தின் சேதி. நீங்கள் வைத்திருப்பது கார்ட்டூன் என்றால் இதுவும் கார்ட்டூன்தான் என்ற குத்தல். அந்தக் குத்தலில் ஒட்டிக்கொண்ட பொருள் பிறகு அந்தச் சொல்லை விட்டுப் போகவேயில்லை.

தமிழுக்கு வந்தது இந்தப் 'பஞ்ச்' காலத்துக் கார்ட்டூன்தான். பாரதியார் ஆசிரியராக இருந்த 'இந்தியா' வார இதழ் 1906இல் சென்னையில் தொடங்கியது. அரசியல் படங்களைப் போட்டு, கீழே விளக்கமும் எழுதித் தமிழ் இதழ்களுக்கு வழிகாட்டியது அது. இவ்வகைப் படத்துக்கு இன்று இரண்டு சொற்கள் புழங்குகின்றன: கேலிச்சித்திரம், கருத்துப்படம். இலங்கைத் தமிழர்கள் முதல் சொல்லைத் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். என் ஓட்டு இரண்டாவதற்கு. ஒரு தலைவர் இறந்த மறுநாள் பத்திரிகையில் வரும் படத்தை நினைத்துப் பாருங்கள்: காலி நாற்காலி, பக்கத்தில் கழற்றி வைத்த கண்ணாடி. அதுவும் கார்ட்டூன்தான், ஆனால் அதில் கேலி எங்கே? மூக்கையும் காதையும் பெரிதாக்கி ஆளைப் பரிகசிக்கும் படத்துக்குக் கேலிச்சித்திரம் என்ற பெயரை விட்டுவிட்டால், இரண்டு சொல்லுக்கும் வேலை இருக்கும்.

பத்திரிகையிலிருந்த சொல் திரைக்குத் தாவிய கதை எளிது. வரைந்தவர்கள் தாவினார்கள், சொல்லும் கூடவே தாவியது. 1906இல் கரும்பலகையில் சாக்பீஸ் முகங்களைக் கண்சிமிட்ட வைத்த ஜே. ஸ்டூவர்ட் பிளாக்டன் பத்திரிகைக்கு வரைந்துகொண்டிருந்தவர். 1908 ஆகஸ்ட் 17 அன்று பாரிசில் 'ஃபாண்டஸ்மகோரி' படத்தைத் திரையிட்ட எமில் கோல், தொழில்முறைக் கேலிச்சித்திரக்காரர். அப்போது அவருக்கு வயது 51. ஏறக்குறைய 700 படங்கள் வரைந்து, ஒவ்வொன்றையும் இரண்டு முறை படம்பிடித்தார். திரையில் இரண்டு நிமிடம்கூட ஓடாது. வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் வரைந்ததை நெகட்டிவாகவே அச்சிட்டுக் கரும்பலகையில் சாக்பீஸால் போட்டது போலக் காட்டினார். 1914இல் 'கெர்ட்டி' என்ற டைனோசரைத் திரையில் உலவவிட்ட வின்சர் மெக்கே பத்திரிகைச் சித்திரத் தொடர்களால் பெயர் வாங்கியவர். திரைக்குப் பக்கத்தில் சாட்டையோடு நின்று, சர்க்கஸ் யானையை அதட்டுவது போலக் கெர்ட்டியை அதட்டுவார். அதுவும் சொன்னபடி கேட்கும், சில சமயம் கேட்காது, திட்டினால் அழும்.

இவர்கள் எடுத்ததை முதலில் 'அனிமேட்டட் கார்ட்டூன்' என்றார்கள். போகப்போக முன்பாதி உதிர்ந்து கார்ட்டூன் மட்டும் மிஞ்சிற்று. இத்தாலியர்கள் இன்றும் முழுசாகச் சொல்கிறார்கள்: 'கார்த்தோனே அனிமாத்தோ'. உயிர் பெற்ற அட்டை!

உதிர்ந்துபோன அந்த முன்பாதியில்தான் விஷயமே இருக்கிறது. லத்தீனில் 'அனிமா' என்றால் மூச்சு, உயிர். தமிழில் இதற்கு நேர்ச்சொல் ஆவி. மூச்சும் அதுவே, உயிரும் அதுவே. ஸ்டீம்போட்டை ஓட்டும் நீராவியும் அதுவே. அதற்காக அனிமேஷனை ஆவியூட்டல் என்று சொல்லிவிட முடியாது, பேய்ப்படம் என்று கூட்டம் வந்துவிடும். அகராதிக்காரர்களும் கணினித் தமிழ்க்காரர்களும் தந்திருப்பவை மூன்று: இயங்குபடம், உயிரூட்டம், அசைவூட்டம்.

இயங்குபடம் நல்ல வினைத்தொகை, வாயில் வழுக்கிக்கொண்டு வருகிறது. ஆனால் எந்த சினிமாதான் இயங்காத படம்? சினிமா என்ற பெயரே இயக்கத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் பிறந்தது. நம் ஆட்களும் ஆரம்பத்தில் சினிமாவைச் சலனப்படம் என்றுதான் எழுதினார்கள். உயிரூட்டம் லத்தீனுக்கு மிக அருகில் நிற்கிறது. ஆனால் நின்றுபோன திட்டத்துக்கும் காய்ந்த ஏரிக்கும் உயிரூட்டி உயிரூட்டி நம் பத்திரிகைகள் அந்தச் சொல்லைத் தேய்த்துவிட்டன.

இங்கே ஒரு குறள் நினைவுக்கு வருகிறது, 1020ஆவது.

"நாணகத் தில்லார் இயக்கம் மரப்பாவை
நாணால் உயிர்மருட்டி அற்று."

மனதில் நாணம் இல்லாதவர் நடமாடுவது, மரப்பொம்மை கயிற்றால் ஆடி உயிருள்ளதுபோல் மயக்குவதைப் போன்றது. முதல் நாண் வெட்கம், இரண்டாவது நாண் கயிறு. வள்ளுவர் சொல்ல வந்தது ஒழுக்கத்தைப் பற்றி. ஆனால் அனிமேஷனுக்குத் தேவையான இரண்டு சொல்லும் இந்த ஒன்றே முக்கால் அடிக்குள் உட்கார்ந்திருக்கின்றன: இயக்கம், உயிர்மருட்டல். உயிர் கொடுக்கிறது என்று அவர் சொல்லவில்லை, கவனியுங்கள். உயிர் இருப்பதாக மருட்டுகிறது என்கிறார். படத்துக்கு உயிர் வருவதில்லை, பார்க்கிற கண்தான் ஏமாறுகிறது. அனிமேஷனுக்கு இதைவிடக் கச்சிதமான விளக்கம் நான் படித்ததில்லை.

'உயிர்மருட்டுப் படம்' என்று எழுத ஆசைதான். எழுதினால் என்னைத் தவிர யாருக்கும் புரியாது. அதனால் அசைவூட்டத்துக்கு வருகிறேன். இதில் எனக்குப் பிடித்தது 'ஊட்டு'. காண் என்பது காட்டு ஆவது போல, உண் என்பது ஊட்டு ஆகிறது, உண்ணச் செய்வது. தானாக அசைவது வேறு, அசைவை ஊட்டுவது வேறு. ஓடும் குதிரையைப் படம்பிடித்தால் குதிரை தன் பாட்டில் அசைகிறது. பசுவின் பற்களைத் தட்டும் மிக்கிக்கோ, ஒவ்வோர் அசைவையும் ஒருவர் உட்கார்ந்து வாய் வாயாக ஊட்ட வேண்டும். பேசும் படத்தில் நொடிக்கு 24 ஃபிரேம். ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு வைத்தாலும் நொடிக்கு 12 வாய். ஏழு நிமிடத்துக்குப் பத்தாயிரம் ஃபிரேமுக்கு மேல் ஆகிறது. கறுப்பு வெள்ளையில் இன்னொரு தொல்லையும் உண்டு: மிக்கியின் உடம்பும் கறுப்பு, கையும் கறுப்பு, கையை மார்புக்கு நேரே கொண்டுவந்தால் கை காணாமல் போய்விடும். 1929இல் வெள்ளைக் கையுறை மாட்டிவிட்ட பிறகுதான் அது தீர்ந்தது. 'ஸ்டீம்போட் வில்லி'யில் மிக்கிக்கு வெறுங்கைதான், பார்த்தால் தெரியும்.

ஆகவே அது ஓர் அசைவூட்டக் குறும்படம். குறும்படம் என்றதும் யூடியூபில் சோகமாக மொட்டைமாடியில் நிற்கும் ஆள் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல.

வீட்டுப் பேச்சில் இது எதுவுமே செல்லாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஆச்சிக்கு வரைந்தது எல்லாமே பொம்மைதான். புத்தகத்தில் இருந்தால் பொம்மை, காலண்டரில் இருந்தால் பொம்மை, டிவியில் ஓடினால் பொம்மைப் படம். மரப்பாவையைச் சொன்னவருக்கு ஆச்சியின் சொல்தான் பக்கத்தில் இருக்கிறது என்று தோன்றுகிறது. ஆனால் நோட்டில் எழுதினால் மார்க் வராது.

இவ்வளவையும் சுருக்கி அவளிடம் சொன்னேன். கேலிச்சித்திரத்தை அடித்துவிட்டு 'கருத்துப்படம்' என்று எழுதச் சொன்னேன். மிக்கி படத்துக்கு வேறு சொல், அது அசைவூட்டப்படம் என்றேன். தலையை ஆட்டினாளே தவிரக் கண் போனில்தான். படம் முடியப்போகிற இடம். கேப்டன் தண்டனையாக உருளைக்கிழங்கு உரிக்க உட்காரவைத்துவிட்டார். ஜன்னலில் ஒரு கிளி வந்து உட்கார்ந்து மிக்கியைப் பார்த்துச் சிரிசிரி என்று சிரிக்கிறது. மிக்கி ஒரு கிழங்கை எடுத்து வீச, கிளி தண்ணீரில் தொப்பென்று விழுகிறது. இப்போது மிக்கி சிரிக்கிறது.

"மாமா, கிளி மிக்கியக் கேலி பண்ணுச்சு. அப்புறம் மிக்கி கிளியக் கேலி பண்ணிருச்சு," என்றாள். "அப்ப கேலிச்சித்திரம்தானே? அடிக்க வேணாம், அப்படியே இருக்கட்டும்."