டைவர்டிகுலம்: தமிழில் கிளைக்குடல்

பினாங்கில் தமிழ்ப்பள்ளியில் அறிவியலைத் தமிழிலேயே படித்துவிட்டு, பிறகு கடலுயிரியல் பக்கம் போகும் நம் பிள்ளைகள் கடற்சிலந்திப் பாடத்தில் தடுமாறும் சொல் இது. கடற்சிலந்தி என்பது கடலில் வாழும், சிலந்தி போல நீண்ட கால்கள் கொண்ட உயிரினம்.

டைவர்டிகுலம் லத்தீன் சொல். 'விலகித் திரும்பு' என்ற வினையிலிருந்து பிறந்தது. பெருவழியை விட்டுப் பிரியும் பக்கவழியையும், வழிப்போக்கர் ஒதுங்கும் விடுதியையும் ரோமானியர் இப்படி அழைத்தார்கள். குடலிலிருந்து பிதுங்கும் பைக்கு மருத்துவர்கள் இந்தப் பெயரைச் சூட்டியது பிற்பாடுதான். இதோடு சேர்ந்தே வரும் 'சீக்கம்' என்பதற்குக் குருடு என்று பொருள். மறுமுனை அடைபட்ட குடல். லோரோங்குக்குள், அதாவது சந்துக்குள், நுழைந்தால் 'ஜாலான் மாத்தி' (முட்டுச்சந்து) என்று பலகை நிற்குமே, அந்த அமைப்புதான்.

மருத்துவத் தமிழில் 'பிதுக்கப்பை', 'பக்கப்பை' என்று எழுதுகிறோம். மனிதனின் பெருங்குடல் நோய்க்கு அது சரி. கடற்சிலந்திக்குச் சரிவராது, அங்கே இருப்பது பையும் அல்ல, நோயும் அல்ல.

கடற்சிலந்தியின் உடல் குச்சிபோல் ஒல்லி. உள்ளுறுப்புகளுக்கு அதில் இடம் போதாது. உறிஞ்சுகுழலின் நுனியில் மூன்று உதடுகள் கொண்ட வாய். கடற்சாமந்தி போன்றவற்றின் சாற்றை உறிஞ்சியதும், குழலுக்குள் அடர்ந்திருக்கும் நுண்முட்கள் அதை அரைத்து வடிகட்டுகின்றன. அங்கிருந்து உணவு நடுக்குடலுக்குப் போகிறது. நடுக்குடல் ஒவ்வொரு காலுக்குள்ளும் ஒரு நீண்ட கிளையை விடுகிறது. செரிமானத்தின் பெரும்பகுதி அந்தக் கிளைகளின் சுவர் உயிரணுக்களுக்கு உள்ளேயே நடக்கிறது.

இந்தக் கிளைகளுக்கு வேறொரு வேலையும் உண்டு என்பதுதான் என்னை வியக்க வைக்கிறது. கடற்சிலந்திக்குச் செவுள் கிடையாது. உயிர்வளி மேல்தோல் வழியே நுழைகிறது. இதயம் இருந்தாலும் வலு குறைவு. கால்களுக்குள் குடல் அலையலையாகச் சுருங்கி விரிவதால் குருதிநீர் நகர்ந்து, உயிர்வளி உடலெங்கும் பரவுகிறது என்று 2017-இல் வெளியான ஆய்வு காட்டியது. செரிக்கவும் செய்து, இதயத்துக்குத் துணையாகவும் நிற்கும் உறுப்பைப் 'பை' என்று சுருக்குவது அநியாயம். 'கிளைக்குடல்' என்பதே என் தேர்வு.

நரம்பும் இதே கால்களை ஒட்டித்தான் அமைந்திருக்கிறது. மூளையிலிருந்து உணவுக்குழாயைச் சுற்றி ஒரு நரம்பு வளையம். அதன் பின்னே அடிப்பக்கத்தில் நரம்பு முடிச்சுகளின் வரிசை. ஒவ்வொரு இணைக் காலுக்கும் ஒரு முடிச்சு. 'கேங்லியான்' என்பதற்கு 'நரம்பு முடிச்சு' நன்றாகவே பொருந்துகிறது, மாற்ற வேண்டியதில்லை.

வாக்கியத்தில் இப்படி எழுதலாம்: "கடற்சிலந்தியின் நடுக்குடலிலிருந்து ஒவ்வொரு காலுக்குள்ளும் ஒரு கிளைக்குடல் நீள்கிறது."