பெட்டியை அவிக்காதீர்கள், குஞ்சுக்கு முதுகுச் சூடு போதும்

"டொக்டர், என்னமோ சீக்கு வந்திருச்சு, மருந்து குடுங்க." நுவரெலியா, தலவாக்கலை, ஹட்டன் பக்கம் பனி இறங்கும் மாதங்களில், செத்த கோழிக்குஞ்சுகளைக் காட்போட் பெட்டியோடு தூக்கி வருகிறவர்கள் மிருக வைத்தியரான என்னிடம் சொல்வது இதுதான். பல பெட்டிகளில் சீக்கே இல்லை. குஞ்சின் கால்தோல் கறுத்துச் சுருங்கிக் கிடக்கும். அறுத்துப் பார்த்தால் சிறுநீரகம் வெளுத்து வீங்கி, வெள்ளை உப்பு படிந்திருக்கும். உடம்பில் தண்ணீர் வற்றிச் செத்த குஞ்சு அது. விசாரித்தால் பெட்டிக்குள் 100 வாட் பல்ப், மேலே சாக்கு, சுற்றிவரக் கம்பளி. குளிருக்குப் பயந்து அவித்தே கொன்றிருக்கிறார்கள். இதற்கு எந்த ஊசியும் கிடையாது.

"மலைக்குளிருக்குப் பெட்டி முழுக்கச் சூடா இருக்கணும்" என்ற நினைப்பை முதலில் விடுங்கள். தாய்க்கோழியைக் கவனியுங்கள். 12 பாகைக் குளிரிலும் லயத்துக்கு, அதாவது தோட்ட வரிசை வீடுகளுக்குப் பின்னால் குஞ்சுகளோடு கிளறிக்கொண்டு திரியும். அது காற்றைச் சூடாக்குவதில்லை. குஞ்சு ஓடுகிறது, கொத்துகிறது, குளிர்ந்ததும் தாயின் அடியில் புகுந்து தன் முதுகை அதன் வயிற்றோடு ஒட்டிக்கொள்கிறது, சூடு ஏறியதும் வெளியே வருகிறது. எப்போது உள்ளே, எப்போது வெளியே என்பது குஞ்சின் முடிவு. பெட்டி முழுக்க 35 பாகை என்றால் அது ஒதுங்க இடமே இல்லை. மறுபடியும் சொல்கிறேன்: சூடான ஓரிடம் வேண்டும், மற்ற இடம் குளிராக இருக்கலாம், இருக்கவும் வேண்டும். தரையோடு காற்று வீசாமல் 18 அங்குல உயரத்துக்கு மறைப்பு, மேலே எலியும் பூனையும் புகாத வலை, அவ்வளவுதான். சாக்கு வேண்டாம்.

முதுகுவலிக்கு விற்கும் ஹீட்டிங் பேட் (கரண்டில் சூடாகும் விரிப்பு) இந்த வேலையை நன்றாகச் செய்யும். 12க்கு 24 அங்குல அளவு, இரண்டு வாரம்வரை 20 குஞ்சுக்குப் போதும். அதைவிடச் சற்றுப் பெரிய வெல்ட் மெஷ் (கம்பிவலை) துண்டை மரக்கட்டைகள்மேல் கூரைபோல் நிறுத்துங்கள்: பின்பக்கம் இரண்டரை அங்குலம், முன்பக்கம் நான்கு. நனையாத உறையுள்ளதாக வாங்கி, பழைய பருத்தித் துணியில் சுற்றி, மெஷ்ஷின் அடிப்பக்கம் துணிநாடாவால் கட்டுங்கள். துவாய் வேண்டாம், அதன் நூல் வளையத்தில் நகம் மாட்டும். ஊக்கு குத்தவே கூடாது, மடிக்கவும் கூடாது. நடுத்தரச் சூட்டில் ஒரு மணித்தியாலம் விட்டு, புறங்கையை அடியில் வைத்துப் பாருங்கள். ஐந்து நிமிடம் சுகமாக வைத்திருக்க முடியவேண்டும்.

அதைத் தரையில் விரித்து மேலே உமி போடுகிறவர்கள் அதிகம். செய்யாதீர்கள்! மூடிய இடத்தில் சூடு தேங்கும், எச்சமும் தண்ணீரும் வயருக்குள் இறங்கும். சூடு மேலிருந்து வரவேண்டும்.

வாங்கும்போது ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். பல பேட்கள் இரண்டு மணித்தியாலத்தில் தானாக அணைந்துவிடும். குஞ்சு நள்ளிரவில் விறைக்கும், நீங்கள் காலையில்தான் காண்பீர்கள். கரண்ட் போய் வந்தால், பட்டன் அமுக்கும் வகைகளில் பல மறுபடி எரியாது; தள்ளும் சுவிட்ச் உள்ளவை எரியும். இரண்டையும் குஞ்சு வருமுன் சோதியுங்கள். கரண்ட் இல்லாத நேரத்துக்குச் சுடுநீர் நிரப்பிய போத்தலைப் பழைய காலுறையில் நுழைத்து வையுங்கள். கரண்ட் கசிந்தால் தானாக நிறுத்தும் ட்ரிப் சுவிட்ச் இல்லாத லைனில் கொழுவாதீர்கள். உமியில் விழுந்த பல்பாலோ, உருகிய மல்டி ப்ளக்காலோ ஒரு காம்பராவில் (லய அறையில்) பிடிக்கும் தீ கூரை வழியே லயம் முழுக்க ஓடும்.

கும்பிட்டுக் கேட்கிறேன், மூடிய காம்பராவில் குஞ்சுக்காகக் கரித்தணல் வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, நிறமில்லை. அதே காம்பராவில் உங்கள் பிள்ளைகளும் தூங்குகிறார்கள்.

குஞ்சு வந்த முதல்நாள் அலகை ஒருமுறை தண்ணீரில் நனைத்து, ஒவ்வொன்றாகக் கூரைக்கடியில் விடுங்கள். அதுதான் இனித் தாய் என்று தெரியாமல் வெளியே நின்று கத்தும். இரண்டு மூன்று தடவை உள்ளே தள்ளினால் பழகிவிடும். இரவில் லைட் தேவையில்லை, இருட்டில் தூங்கட்டும். குவிந்து நின்று கீச்சிட்டால் குளிர். வாய் பிளந்து, இறக்கை தொங்கவிட்டு விலகிப் படுத்தால் சூடு அதிகம். தெர்மோமீற்றரைவிட இதை நம்புங்கள். வாரத்துக்கு ஓர் அங்குலமாகக் கட்டையை உயர்த்துங்கள். நாலாம் வாரத்தில் பகலில் அணைத்துவிடலாம். இரவில், உடம்பு முழுக்க இறகு மூடும்வரை, ஏறத்தாழ ஆறு வாரம், நுவரெலியாப் பக்கம் இன்னும் ஒரு வாரம் விட்டுவையுங்கள்.

மூடுபனிக் காலத்தில் உமி தானாகவே ஈரம் பிடிக்கும். கையில் அள்ளிப் பிடித்தால் கட்டியாகிறதென்றால் அன்றே மாற்றுங்கள். மூன்று வாரம் தாண்டிய குஞ்சின் எச்சத்தில் இரத்தம் கண்டால் அது பெரும்பாலும் இரத்தக்கழிச்சல், அதற்கு மருந்து உண்டு. செத்தபின் வராதீர்கள், புது எச்சத்தோடும் சோர்ந்து நிற்கும் ஒரு குஞ்சோடும் அன்றைக்கே மிருக வைத்தியரிடம் வாருங்கள்.