கடற்காற்றில் ஒரு சீட்டுக்கட்டு

புதுச்சேரி காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. அக்கா மகன் ஒரு சீட்டுக்கட்டைத் தூக்கிக் காட்டி, “மாமா, மேஜிக்குக்கு இது ஆகுமா?” என்றான். கறுப்புச் சீட்டு, அதில் தங்க நிறத்தில் பூவேலை. தண்ணீரில் போட்டாலும் ஒன்றும் ஆகாது என்றார் கடைக்காரர். உண்மைதான், முழுக்க பிளாஸ்டிக். கையில் வாங்கி விசிறியாக விரித்துப் பார்த்தேன். முதல் பத்துச் சீட்டு ஒழுங்காக விரிந்தது. அப்புறம் ஏழெட்டுச் சீட்டு ஒரே கொத்தாக நகர்ந்தது. ரம்மி ஆட இது போதும், மேஜிக்குக்கு வேண்டாம் என்று திருப்பி வைத்தேன். பையனுக்கு முகம் தொங்கிப்போனது.

பிறந்தநாள் விழாக்களில் இருபது வருடமாகச் சீட்டு வித்தை காட்டுகிறேன். கட்டு வாங்கும்போது எல்லோரும் முதலில் பார்ப்பது முதுகில் இருக்கும் படத்தை. நான் அதைக் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் பார்க்க வேண்டியது சீட்டுக்கும் சீட்டுக்கும் நடுவில் இருக்கும் காற்று. அடுத்தது காகிதத்துக்குள் இருக்கும் தண்ணீர். கடலோரத்தில் இருக்கும் நமக்கு இரண்டாவதுதான் பெரிய தலைவலி.

காற்றிலிருந்து ஆரம்பிப்போம். இரண்டு கண்ணாடித் துண்டுகளை ஒன்றன் மேல் ஒன்று அழுத்திவிட்டுப் பிரித்துப் பாருங்கள், பிடிவாதம் பிடிக்கும். மேல் துண்டைத் தூக்கும்போது நடுவில் இடைவெளி விழுகிறது, அந்த இடத்தை நிரப்ப ஓரத்திலிருந்து காற்று ஓடிவர வேண்டும். பரப்பு வழவழப்பாக இருந்தால் காற்று நுழைய வழியில்லை. மேஜிக்காரர்கள் பயன்படுத்தும் போக்கர் அளவுச் சீட்டு சுமார் 63 மில்லிமீட்டர் அகலம், 88 மில்லிமீட்டர் நீளம். பரப்பு 55 சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டர் மேல் வளிமண்டலம் ஏறக்குறைய ஒரு கிலோ எடையளவுக்கு அழுத்துகிறது. ஆக ஒரு சீட்டின் மேல் ஓர் ஆளே ஏறி உட்கார்ந்திருக்கிற மாதிரி, 55 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். கீழ்ப்பக்கமும் அதே காற்று அதே அளவு அழுத்துவதால் நமக்கு அது தெரிவதில்லை. இடையிலுள்ள காற்று கொஞ்சம் குறைந்தாலும் தெரிய ஆரம்பித்துவிடும். சந்தையில் கொத்தாக நகர்ந்த சீட்டுகளின் கதை இதில் பாதி. மீதிப் பாதி, வழவழப்பான இரண்டு பரப்புகள் அதிக இடத்தில் தொட்டுக்கொள்வதால் வரும் ஒட்டுதல்.

நல்ல காகிதச் சீட்டை செல்போன் டார்ச்சின் முன் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். பரப்பு வழவழப்பாக இருக்காது. துணி நெசவு மாதிரி வரிசை வரிசையாக நுண்ணிய குழிகள் தெரியும். காகிதத்தை உருளைகளுக்கு இடையே விட்டு அழுத்திப் பதித்தவை அவை. இதை ‘ஏர் குஷன்’ என்று விளம்பரப்படுத்துவார்கள். சீட்டு மெத்தையில் மிதக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். குழிகள் காற்று ஓடுவதற்கு வாய்க்கால், அவ்வளவுதான். தொடும் இடமும் குறைகிறது. அதனால் 52 சீட்டும் ஒரே சீராக வழுக்குகின்றன. சீராக என்பதுதான் முக்கியம். வேகமாக வழுக்கும் கட்டைவிட, எல்லாச் சீட்டும் ஒரே மாதிரி வழுக்கும் கட்டுதான் கைக்கு அடங்கும்.

உலகம் முழுக்க மேஜிக்காரர்கள் கையில் அதிகம் தென்படுவது அமெரிக்காவின் பைசைக்கிள் கட்டு. அந்தப் பெயரில் 1885-இல் விற்பனைக்கு வந்தது. குட்டி தேவதை சைக்கிள் ஓட்டும் அந்தப் பிரபலமான முதுகுப் படத்துக்கு ரைடர் பேக் என்று பெயர். அதை வானளாவப் புகழ்கிறவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் அதன் பெரிய பலம் அது சாதாரணமாகத் தெரிவதுதான். தங்கமும் மண்டை ஓடும் போட்ட கட்டை எடுத்து நீட்டினால், வித்தை தொடங்கும் முன்பே ‘இதுல ஏதோ இருக்கு’ என்று ஜனங்கள் முடிவு கட்டிவிடுவார்கள்.

நல்ல சீட்டு ஒற்றைக் காகிதம் அல்ல. இரண்டு தாள்களைக் கருநிறப் பசையால் ஒட்டியது. பழைய சீட்டு ஒன்றைக் கிழித்தால் நடுவில் கறுப்பாக ஒரு கோடு தெரியும். பசை கறுப்பாக இருப்பதால்தான் வெளிச்சம் ஊடுருவுவதில்லை. கடையில் சோதிக்க எளிய வழி, இஸ்பேடு ஏஸ் சீட்டை எடுத்து டார்ச்சுக்கு எதிரே பிடிப்பது. முதுகு வழியாக நிழல் தெரிந்தால் அந்தக் கட்டை மேடைப் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

தடிமனிலும் ஒரு கணக்கு உண்டு. ஒரு பொருளை வளைக்கத் தேவைப்படும் விசை அதன் தடிமனின் மும்மடிக்கு ஏற்ப மாறும். சீட்டின் தடிமன் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் விறைப்பு 0.9 × 0.9 × 0.9, அதாவது 0.729 ஆகிவிடும். கால் பங்குக்கு மேல் போச்சு. கண்ணுக்கே தெரியாத இந்த வித்தியாசத்தை விரல் உடனே சொல்லிவிடும். குழந்தைகள் கைக்கு மெல்லிய கட்டு சுகம். சீட்டை வளைத்து ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் பறக்கவிடும் வேலைக்குக் கொஞ்சம் விறைப்பு வேண்டும், இல்லாவிட்டால் சீட்டு திரும்பித் துள்ளாது.

இனி தண்ணீர். மூன்று வருடத்துக்கு முன், நவம்பர் மாதம், கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பிறந்தநாள் விழா. புதுச்சேரியிலிருந்து வண்டியில் போனேன். வழியெல்லாம் தூறல், கட்டு சட்டைப் பையில். நிகழ்ச்சி நடந்தது ஏசி போட்ட கூடத்தில். கட்டை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேக் வெட்டும்வரை பேசிக்கொண்டிருந்தேன். பத்து நிமிடம்தான். திரும்பிப் பார்த்தால் மேல் சீட்டின் இரண்டு ஓரமும் தூக்கிக்கொண்டு, கட்டுமரம் மாதிரி வளைந்து கிடந்தது. முன்வரிசையில் ஒரு வாண்டு, “அங்கிள், அந்தக் கார்டு மட்டும் ஏன் தூக்கிட்டு இருக்கு?” என்றது. நான் ரகசியமாக வைத்திருந்த சீட்டே அதுதான். அன்றைக்கு அந்த வித்தை அங்கேயே முடிந்தது.

நடந்தது இதுதான். காகிதம் செல்லுலோஸ் இழைகளால் ஆனது, செல்லுலோஸுக்குத் தண்ணீர் என்றால் பிரியம். காற்றில் ஈரப்பதம் ஏறினால் இழை ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும், காற்று உலர்ந்தால் ஈரத்தை விட்டுச் சுருங்கும். அந்த இழை நீளவாக்கில் அதிகம் மாறாது, குறுக்கேதான் பல மடங்கு பருக்கும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர், நவம்பரில் நம் கடற்கரையில் கட்டு முழுக்க ஈரம் குடித்திருக்கும். ஏசியோ அறைக் காற்றிலுள்ள நீராவியைக் குளிரவைத்துத் தண்ணீராக வெளியே வடிக்கிறது. அந்த உலர்ந்த காற்று மேல் சீட்டின் மேல்பக்கத்தை மட்டும் தொடுகிறது. மேல்பக்கம் சுருங்குகிறது, அடிப்பக்கம் அப்படியே இருக்கிறது. ஓரம் மேலே தூக்காமல் என்ன செய்யும்?

இயந்திரத்தில் காகிதம் ஓடும்போது இழைகளில் பெரும்பாலானவை ஓடும் திசையிலேயே படுத்துக்கொள்கின்றன. அதனால் எந்தக் காகிதத்துக்கும் ஒரு நார்வாக்கு இருக்கும். செய்தித்தாளை மேலிருந்து கீழாகக் கிழித்தால் ஒருமாதிரியும், குறுக்கே கிழித்தால் வேறுமாதிரியும் போவது இதனால்தான். சீட்டு எந்தப் பக்கம் வளையும், எந்தப் பக்கம் முரண்டு பிடிக்கும் என்பதையும் நார்வாக்குதான் தீர்மானிக்கிறது. எங்கள் ஊர் அரவிந்தர் ஆசிரமத்துக் கைக்காகிதத் தொழிற்கூடத்தில் கூழைச் சல்லடையில் அள்ளிக் காகிதம் செய்கிறார்கள். கையால் அள்ளும்போது இழைகள் எல்லாத் திசையிலும் விழும், நார்வாக்கு பெரிதாக இருக்காது. அந்தக் காகிதத்தில் ஒருமுறை ஆசையாகச் சீட்டுகள் வெட்டிப் பார்த்தேன். பார்க்க அழகு. விசிறியாக விரிக்க ஒரு சதத்துக்கும் ஆகவில்லை, அது சொரசொரப்பின் குற்றம்.

ஈரத்தை வெல்ல முடியாது, மாற்றத்தை மெதுவாக்கலாம். கட்டை அதன் பெட்டியிலேயே வைத்து, பெட்டியை ஜிப் பையில் போட்டுக்கொண்டு போகிறேன். செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தை உள்ளே போடலாம், ஆனால் அதிகம் வேண்டாம். ரொம்பக் காய்ந்த சீட்டு சீக்கிரம் மடிப்பு விழுந்து உடையும். ஏசி கூடத்துக்கு அரைமணி முன்னதாகவே போய்விடுவது, கட்டை மேஜையில் சும்மா விடாமல் கையிலேயே வைத்திருப்பது, இரண்டும் அன்றைக்குக் கற்றது. அப்படியென்றால் பிளாஸ்டிக் நல்லதுதானே என்று பையனும் கேட்டான். ஈரம் குடிக்காது, சரி. ஆனால் மடித்தால் மடிப்பு நிற்காது, கிழித்துக் காட்ட முடியாது, பேனாவால் பார்வையாளர் கையெழுத்துப் போட்டால் அழிந்துவிடும். மழைநாளில் கடற்கரைச் சாலையில் உட்கார்ந்து ஆட மட்டும் அதை வாங்கலாம்.

ஓரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தாளிலிருந்து சீட்டை வெட்டும் கத்தி ஒரு பக்கமாக நுழைந்து மறுபக்கமாக வெளியே வருகிறது. நுழைந்த பக்கத்து விளிம்பு சற்றே உருண்டிருக்கும், வெளியேறிய பக்கத்தில் மெல்லிய பிசிறு நிற்கும். கட்டின் ஓரத்தை விரலால் மேலும் கீழும் தடவினால் ஒரு திசையில் வழுக்கும், மறுதிசையில் லேசாகக் கீறும். கட்டைச் சரிபாதியாகப் பிரித்து, ஒன்று விட்டு ஒன்று பின்னும் ஃபாரோ என்ற கலைப்பு முறைக்கு இதுதான் உயிர். விளிம்பு இசைந்து கொடுத்தால் ஜிப் இழுத்த மாதிரி பின்னிக்கொள்ளும். முரண்டு பிடித்தால் கட்டை அப்படியே திருப்பிப் போட்டுப் பின்னுங்கள்.

ஃபாரோவை மேல் சீட்டு மேலேயே இருக்கும்படி பிசகில்லாமல் எட்டு முறை செய்தால் 52 சீட்டும் முதலில் இருந்த வரிசைக்கே திரும்பிவிடும். கலைத்த மாதிரியும் இருக்கும், கலையவும் இல்லை! மேல் சீட்டுக்குச் சுழியம் என்று தொடங்கி எண்ணுங்கள். ஒவ்வொரு முறையும் சீட்டின் எண் இரட்டிக்கிறது, 51-ஐத் தாண்டினால் 51-ஐக் கழித்துவிட வேண்டும். 1-ஆம் சீட்டு 2, 4, 8, 16, 32 என்று இறங்கும். அடுத்தது 64, கழித்தால் 13. பிறகு 26. பிறகு 52, கழித்தால் மறுபடி 1. எட்டு அடியில் வீடு வந்து சேர்ந்தது. கட்டை இரண்டாகப் பிரித்து ஓரங்களைப் பரபரவென்று விடும் சாதாரணக் கலைப்பில் இந்த ஒழுங்கு கிடையாது. கட்டு ஓரளவு நன்றாகக் கலைய அதை ஏழு முறை செய்ய வேண்டும் என்று 1992-இல் கணக்குப் போட்டுக் காட்டியவர்கள் டேவ் பேயரும் பெர்சி டயகோனிஸும். டயகோனிஸ் 14 வயதில் வீட்டை விட்டுக் கிளம்பி டாய் வெர்னன் என்ற மேஜிக் மேதையோடு ஊர் சுற்றியவர், பிற்பாடு ஸ்டான்ஃபோர்டில் பேராசிரியர் ஆனார்.

முதுகுப் படத்துக்குக் கடைசியாக வருகிறேன். சுற்றிலும் வெள்ளைக் கரை உள்ள கட்டைத்தான் வாங்குங்கள். நடுவில் ஒரு சீட்டு திரும்பிக் கிடந்தாலும், கட்டு லேசாக விரியும்போது அதன் முகத்தின் வெள்ளை ஓரம் மற்றவற்றோடு கலந்துவிடும். கரையில்லாத கட்டில் அது பளிச்சென்று காட்டிக் கொடுத்துவிடும். இதற்கு மேல் சொன்னால் தொழில் போய்விடும்.

சந்தைக்குப் போன அன்று மாலை, பையன் பழகிப் பார்க்க வேறு கட்டு கையில் இல்லை. பக்கத்து வீட்டு சொல்தா தாத்தாவிடம் (பிரெஞ்சுப் படையில் இருந்தவர்) கேட்டு வாங்கிவந்தான். பிரான்சிலிருந்து அவர் மகள் அனுப்பியது. ராஜாவுக்கு ஆர், ராணிக்கு டி, ஜாக்கிக்கு வி என்று பிரெஞ்சு எழுத்துகள், ஆட்டின் (ஹார்ட்ஸ்) ராஜாவின் ஓரத்தில் சார்ல் என்று பெயர் வேறு. “மாமா, இதுல பாதிச் சீட்டைக் காணோம்” என்றான். காணாமல் போகவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் பெலோத் என்ற சீட்டாட்டம் ஆடும் 32 சீட்டுக் கட்டு அது, ஏழுக்குக் கீழே கிடையாது.

ஆட்டின் ராஜாவை மேலிருந்து இரண்டாவதாக வைத்துப் பின்னச் சொன்னேன். தட்டுத் தடுமாறி, மூன்றாவது முறை பிசகி, முதலிலிருந்து தொடங்கினான். இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு, கழிக்க வேண்டியது இப்போது 31. ஐந்தாவது பின்னல் முடிந்து இரண்டாவது சீட்டைத் திருப்பினான். சார்ல் அங்கேயே இருந்தார்.